அரை ஜோடி ஆணை

மலையில் விழுந்தவர்களை மீட்டுவரும் வேலையிலிருந்த குன்வோர், தன் ஸ்கீ கட்டைகள் விரிசல் விட்டதால் புதிய ஜோடி கேட்டு நகராட்சிக்கு முறைப்படி விண்ணப்பித்தாள். நார்வேயின் டெலிமார்க் மாவட்டத்தில் பிறந்தவள். கட்டையில் ஒட்டாமல் குதிகால் எழும்ப, முழங்காலை மடித்துத் திரும்பும் அந்த ஊர்ப் பாணியைத் தவிர வேறெதையும் அவள் கால்கள் அறியா.

"ஆளை மேல ஏத்துற கம்பி லிஃப்ட் ஓடுற சரிவுலயும் போகணும், லிஃப்ட் இல்லாத காட்டு மலையிலயும் ஏறணும். ரொம்ப அகலமும் வேணாம், ரொம்ப ஒல்லியும் வேணாம். பூட்ஸைப் பூட்டுற பிடி மட்டும் இறங்கும்போது இறுக்கமாவும் ஏறும்போது தளர்வாவும் மாறணும். கடையிலயே இருக்கு."

கொள்முதல் அதிகாரி தோர்கிரிம் காபியை உறிஞ்சியபடி படிவத்தைப் புரட்டினார். "கட்டம் ரெண்டுதான் இருக்கு. சரிவுன்னா விளையாட்டுத் துறை. காட்டு மலைன்னா வனத்துறை. நடுவுலன்னு ஒரு துறை நார்வேயிலயே கிடையாதே."

"ரெண்டு துறையும் சேர்ந்து வாங்கித் தரக் கூடாதா?"

"சேர்ந்தா? அப்புறம் அதிகார வரம்புன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

ஏழு வார ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின் ஆணை பிறந்தது: 'மேற்படி ஜோடியில் சரிபாதியை வழங்க இரு துறைகளும் மனமுவந்து இசைகின்றன.' சொன்ன சொல் தவறாமல் ஆளுக்குப் பாதி அனுப்பினார்கள். இடக்காலுக்கு அகலக் கட்டை, உடும்புப் பிடி. வலக்காலுக்குக் குச்சிபோல ஒல்லிக் கட்டை, தொளதொளத்த பிடி.

மறுநாளே காட்டு மலையிலிருந்து அழைப்பு. ஓஸ்லோ பத்திரிகைக்காரர் எட்வின் முழங்காலைத் திருகிக்கொண்டு கிடந்தார். ஏறும்போது குன்வோரின் இடக்கால் நொண்டியது. இறங்கும்போது வலக்கால் தத்தளித்தது. கட்டைகள் ஒரே பக்கமாகத்தான் திரும்பின. சந்நிதியைச் சுற்றுவதுபோல் அவரை மூன்று முறை வலம் வந்த பிறகே நிற்க முடிந்தது.

"என்னங்க, என்னையே சுத்திச் சுத்தி வர்றீங்க?"

"ஆபீஸ் ஆர்டருங்க" என்றாள் மூச்சிரைக்க.

அவளுடைய பொருந்தாத கட்டைகளைப் பார்த்த எட்வின் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டார். 'சமச்சீர் என்னும் விலங்கை உடைத்த மலைமகள்' என்று படத்தோடு எழுதினார். அடுத்த வாரமே ஓஸ்லோவாசிகள் காலுக்கு ஒன்றாக வேறுவேறு கட்டையோடு வந்திறங்கினார்கள். கடைக்காரர்கள் ஜோடிகளைப் பிரித்து இரட்டை விலைக்கு விற்றார்கள். முழங்கால்கள் வரிசையாகத் திருகின. மீட்புப் பணி நான்கு மடங்கு வளர்ச்சி கண்டதாக நகராட்சி பெருமிதத்துடன் அறிவித்து, தோர்கிரிமுக்குப் பதவி உயர்வும் அளித்தது.

குன்வோருக்குப் பொறுக்கவில்லை. சொந்தச் சம்பளத்தில் ஒத்த ஜோடியாக, தான் கேட்ட அதே கட்டைகளை வாங்கினாள். பூட்டிக்கொண்டு இறங்கியபோது, சண்டை போட்டுக்கொண்டிருந்த தன் இரு கால்களும் மறுபடி பேச ஆரம்பித்ததுபோல் இருந்தது அவளுக்கு.

முதல் நாளே, சரிவோரத்தில் புது மோஸ்தர் கட்டைகளோடு ஒருவர் குப்புறக் கிடந்தார். தோர்கிரிம்தான். நேராக வந்து, ஒரே திருப்பத்தில் அவரருகே நின்றாள்.

அவர் அவள் கால்களைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "என்ன இது, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு?"

"அதனாலதான் சீக்கிரம் வந்தேன். கையைக் குடுங்க."

"தொடாதீங்க! அங்கீகாரம் இல்லாத சாமான். ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

சுற்றி நின்ற கூட்டமும் முகம் சுளித்தது. "பாவம் மனுஷன், வலியில துடிக்கிறாரு. முறையான ஆளைக் கூப்பிடுங்கப்பா" என்றது ஒரு குரல்.

குன்வோர் திரும்பிப் போனாள். ஒரு மணி நேரம் கழித்து, அரசாங்கக் கட்டைகளில் நொண்டி நொண்டி வந்து, தோர்கிரிமை மூன்று முறை வலம் வந்து, அவர் மேலேயே விழுந்தாள்.

கூட்டம் கைதட்டியது. அடிபட்ட காலோடு தோர்கிரிமும் தட்டினார்.

"இப்பதாங்க உயிரே வந்துச்சு."