வளைகொம்பனுக்கு எந்த முனை?

"இதைத் திருப்பிக் குடுத்துட்டு அதை வாங்கிட்டு வரணும். அவ்வளவுதானே?" என்றாள் மார்லிஸ், கார் சாவியைத் தேடிக்கொண்டே.

"அவ்வளவுதான். பாக்கெட்டைப் பிரிச்சுட்டோம்னு மட்டும் கடைக்காரன்கிட்ட சொல்லிடாதே," என்றார் அவள் கணவர் லைல்.

சமையலறை மேசைமேல் வில்வேட்டைக்கான அம்பு முனைகள் கிடந்தன. நிலைமுனை என்றால் கத்திகள் எப்போதும் நீட்டிக்கொண்டிருக்கும். விரிமுனையில் கத்திகள் மடங்கியே பறக்கும், மான்மேல் பட்டதும் குடை மாதிரி விரியும். மிச்சிகனில் இந்த இரண்டில் எது உசத்தி என்று பேச்செடுத்தால் கல்யாண விருந்துகூட இரண்டு கட்சியாகப் பிரிந்து உட்காரும். லைலின் கல்யாணத்தில் அப்படித்தான் உட்கார்ந்தார்கள்.

லைல் நாற்காலித் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். ஒரு திருகாணியைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டார். இந்த வருஷம் அம்பு முனைகளை அப்படிப் பார்ப்பதற்குக் காரணமும் இருந்தது.

மாமனார் ஹார்மின் நிலத்தில், ஆப்பிள் மரங்களை ஒட்டி நிற்கும் ஓக் மரத்தில் மான் வேட்டைக்கான ஒரு பரண் உண்டு. அதற்கு அப்பால் வேலி, வேலிக்கு அப்பால் தார்ச்சாலை. அந்தப் பரணில் யார் உட்காருவது என்று லைலும் மச்சினன் டர்க்கும் வருஷா வருஷம் முட்டிக்கொள்வார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன ஹார்ம் ஒருநாள் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"அந்த வளைகொம்பனை யார் என் கொட்டகை உத்தரத்துல தொங்க விடறாங்களோ, பரண் அவங்களுக்கு. சாகற வரைக்கும். இனிமே இந்தப் பேச்சு என் காதுல விழக் கூடாது."

வளைகொம்பன் என்பது இடக் கொம்பு காதுப் பக்கம் வளைந்த பெரிய ஆண் மான். பரண் கிடைக்காவிட்டால் மிச்சக் காலத்தைப் பொதுக் காட்டில், ஊர்க்காரர்களின் சளசளப்புக்கு நடுவே கழிக்க வேண்டியதுதான்.

டர்க் விரிமுனைக் கட்சி. அதனாலேயே லைல் நிலைமுனைக் கட்சி. ஆனால் போன வாரம் கொல்லையில் எய்து பார்த்தபோது, நிலைமுனை போட்ட அம்பு குறியை விட்டு ஒரு சாண் இடப்பக்கம் போய் நின்றது.

"அப்பவே சொன்னேன்ல அத்தான்? வெளியே நீட்டிக்கிட்டு இருக்கிற கத்தி காத்துல திசை மாறத்தான் செய்யும்," என்றான் டர்க், வேலிமேல் சாய்ந்தபடி.

"முனை சரியாத்தான் இருக்கு. வில்லைத்தான் கொஞ்சம் சரிபண்ணணும்."

கொஞ்சம் சரிபண்ணினார். அம்பு வலப்பக்கம் போயிற்று. இன்னும் கொஞ்சம் சரிபண்ணினார். இப்போது மார்லிஸின் துணிக்கொடி அறுந்தது. அதன்பிறகுதான் யாருக்கும் தெரியாமல், ஒரு நிலைமுனையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்து விரிமுனை வாங்கிவர மார்லிஸைக் கடைக்கு அனுப்பினார்.

விரிமுனை நேராகத்தான் பறந்தது. ஆனால் வண்டியில் எடுத்துப்போகும்போது அம்புக்கூட்டிலேயே தானாக விரிந்து இருக்கையைக் கிழித்தது. லைல் சும்மா இருப்பாரா? பிரக்கோலிக் கட்டிலிருந்த ரப்பர் வளையத்தை எடுத்து முனைக்கு இறுக்கிப் போட்டார். பட்டால் விரிகிறதா என்று பார்க்க வேண்டுமே, வாசலில் இருந்த பூசணிக்காயைக் குறிவைத்தார். அம்பு முதல் பூசணிக்குள் புகுந்து, இரண்டாவதைத் துளைத்து, மூன்றாவதில் போய் நின்றது.

"அது சர்ச் விற்பனைக்கு நான் வளர்த்த பூசணி," என்றாள் மார்லிஸ்.

"கத்தி விரியுதான்னு பார்த்தேன்."

"விரிஞ்சுதா?"

"இல்ல."

மார்லிஸ் மிஞ்சிய பூசணிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

வேட்டைக் காலம் தொடங்கிய அன்று காலையில் அவள் மிச்ச விரிமுனைகளைப் பையில் போட்டுக்கொண்டாள். "இன்னிக்குக் கடையைச் சீக்கிரமே திறப்பாங்க. இதைக் குடுத்துட்டு வந்துடறேன். இது வீட்ல இருந்தா எனக்கு ஒரு பூசணிகூட மிஞ்சாது."

எதற்கும் இருக்கட்டும் என்று ஒரே ஒரு விரிமுனையை எடுத்து ஒளித்துக்கொண்டு லைல் பரணேறினார். கூட்டில் ஒரு நிலைமுனை, ஒரு விரிமுனை. அன்று பரண் முறை லைலுக்கு என்பதால், டர்க் நிலத்தின் கோடியிலிருந்த சதுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான்.

நன்றாக வெளிச்சம் வந்தபின் வளைகொம்பன் வந்தது. ஆப்பிள் மரத்தடியில் நின்று நிதானமாகத் தின்ன ஆரம்பித்தது.

லைல் நிலைமுனையை நாணில் பூட்டினார். காற்று லேசாக அடித்தது. இடப்பக்கம் போய்விட்டால்? எடுத்துவிட்டு விரிமுனையைப் பூட்டினார். ரப்பர் வளையம் இருந்தது. அதைக் கழற்றினார். கத்தி தானாக விரிந்துகொண்டது. மடக்கினார். மறுபடி விரிந்தது. சரி, நிலைமுனையே போதும் என்று அதைத் தேடி எடுத்து நிமிர்ந்தபோது, வளைகொம்பன் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வேலியைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது.

லைலுக்கு அழுகையே வந்தது. தரம் பார்த்துப் பார்த்தே கெட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மத்தியானம் மாமனார் போனில் கூப்பிட்டார். "கொட்டகைக்கு வாங்க மாப்ள. வளைகொம்பன் தொங்குது."

டர்க் அடித்துவிட்டான். இனி பொதுக் காடுதான். லைல் கொட்டகைக்குள் நுழைந்தார். உத்தரத்தில் குடல் நீக்கிய மான் தொங்கியது. தோளில் அகலமான ஒரு வெட்டு. ஹார்ம் மூலையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

டர்க் தொப்பியைக் கழற்றினான். "கை குடுங்க அத்தான். வயித்தெரிச்சல்தான், ஆனாலும் ஒரு சந்தோஷம். கடைசில என் வழிக்கு வந்துட்டீங்க."

"உன் வழிக்கா?"

"இவ்வளவு அகலமா விரிமுனை இல்லாம வேற எது கிழிக்கும்?"

லைலின் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. வெட்டின் அருகே குனிந்தார். "டேய், ஓரத்தைப் பாரு. எவ்வளவு சுத்தமா இருக்கு. இது நிலைமுனை வெட்டு. எனக்குத் தெரியாம நீ நிலைமுனை போட்டுட்டு, என்கிட்டயே கதை விடறியா?"

"நான் எங்க போட்டேன்? நீங்கதானே அடிச்சீங்க?"

"நான் அடிக்கலியே."

இருவரும் மெல்லத் திரும்பிக் கிழவரைப் பார்த்தார்கள். ஹார்ம் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அது காரோட முன்விளக்கு வெட்டுனது. முனையைத் திருப்பிக் குடுக்கப் போன வழியில மார்லிஸ் இடிச்சுட்டா. இங்க கொண்டுவந்து தொங்க விட்டதும் அவதான். தொங்க விடறவங்களுக்குப் பரண்னுதானே சொன்னேன், அம்பால அடிக்கணும்னு நான் எப்பச் சொன்னேன்?"