பினாங்கு மணிக்கூண்டில் பதினோரு மணி

ஷாதிபூர்,
ஸ்ரீ விஜயபுரம் (தபால்காரருக்கும் தங்களுக்கும் போர்ட் பிளேர்),
27.02.2025, வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய ரம்ஜான் பீவி அக்கா அவர்களுக்கு,

ஷாதிபூர் பக்தவத்சலம் வணக்கத்துடன் எழுதுவது. நானும் என் மனைவி நளினியும் இங்கு நலம் என்று எழுத வேண்டிய இடம் இது. நளினி நலம். தாங்களும் தங்கள் மகன் முபாரக்கும் மருமகள் மர்ஜானாவும் பேரப்பிள்ளைகளும் குறைவின்றி இருக்க வேண்டுகிறேன்.

என்னைத் தங்களுக்கு நினைவிருக்கலாம். 14.09.1978, வியாழக்கிழமை, தாங்கள் திருமணம் முடிந்து மலேசியாவில் சுங்கை பட்டாணிக்குப் போக, மெயின்லேண்ட் கப்பல் ஏற ஹேடோ துறைக்கு வந்தபோது, தங்கள் டிரங்குப் பெட்டியின் ஒரு பிடியைத் தங்கள் தம்பி அலி அக்பரும் மறு பிடியை நானும் தூக்கி வந்தோம். அன்று கப்பல் தாமதமாகப் புறப்பட்டது. துறைமுக சிக்னல் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த எனக்கு அது அவமானமாக இருந்ததால், தங்களிடம் மன்னிப்புக் கேட்டேன். தாங்கள் அழுகைக்கு நடுவே சிரித்தீர்கள். இப்போது இரண்டாம் முறையாக மன்னிப்புக் கேட்கிறேன். இம்முறை கப்பல் காரணமில்லை.

இக்கடிதத்தின் நோக்கம், 19.02.2025 புதன்கிழமை பதினோரு மணிக்குப் பினாங்கு மணிக்கூண்டின் அடியில் தங்களைச் சந்திக்க வேண்டிய அக்பர் ஏன் வரவில்லை என்பதைத் தெரிவிப்பது. அன்றிலிருந்து தாங்கள் அவன் போனை எடுப்பதில்லை. அவன் கடையில் குடைகளுக்கு நடுவே போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான், என்னிடம் பேசுவதில்லை. குற்றம் முழுவதும் என்னுடையது. இந்த ஒரு வரியோடு முடித்துவிடலாம்தான். ஆனால் நடந்தது தெரியாமல் தாங்கள் மன்னித்தால் அது என் மேலுள்ள மரியாதைக்காக மன்னித்ததாகிவிடும் என்பதால், ஆதியோடந்தமாக எழுத அனுமதி வேண்டுகிறேன்.

சுற்றுலா 13.02.2025 அன்று சென்னையிலிருந்து தொடங்கியது. சிங்கப்பூரும் மலேசியாவும். மெயின்லேண்ட்காரர்கள் ஒரு பஸ் நிறைய இருந்த கூட்டத்தில் தீவுக்காரர்கள் நாங்கள் மூவர்: நான், அக்பர், ஹட் பேயில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற சண்முகம். அக்பர் வந்ததற்குக் காரணம் ஒன்றுதான். பயணத்திட்டத்தில் பினாங்கில் ஐந்து மணி நேரம் போட்டிருந்தது. 2003-இல் தாயார் மௌத்துக்குத் தாங்கள் வந்துபோன பிறகு அவன் தங்களைப் போனில் பார்த்திருக்கிறானே தவிர, கையைப் பிடித்துப் பேசியதில்லை. மற்ற ஊர்களெல்லாம் அவனுக்கு வழியில் வரும் ஸ்டாப்புகள். மலேசியா எங்களுக்குக் கிழக்கே பக்கத்தில் இருக்கிறது. ஆகவே நாங்கள் மேற்கே மெயின்லேண்டுக்குப் போய், அங்கிருந்து எங்கள் தீவுகளின் பக்கமாகவே திரும்பப் பறந்தோம். கைடு பிரவீன்குமார் சீட்டு சீட்டாக வந்து, “லெஃப்ட்ல பாருங்க அங்கிள், அந்தமான்” என்று காட்டினார். சண்முகம், “தம்பி, அத பாக்காம இருக்கத்தான் டிக்கெட் எடுத்தோம்” என்று கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஜொகூரிலிருந்து கோலாலம்பூர் வரை பஸ் ஜன்னலில் எண்ணெய்ப்பனையைத் தவிர வேறெதுவும் வரவில்லை. “ரிடையர் ஆனவன வீடு தேடி வந்து நிக்குது பாரு” என்று அவர் திரையை இழுத்து விட்டுக்கொண்டார். அழகான கடற்கரை என்று ஓரிடத்தில் இறக்கினார்கள். நாங்கள் மூவரும் பஸ்ஸிலேயே தூங்கினோம்.

இங்கே என் கைக்கடிகாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் இறங்கியதும் பிரவீன்குமார் எல்லோரையும் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கச் சொன்னார். நான் தள்ளவில்லை. ரத்த அழுத்த மாத்திரைக்கு இந்திய நேரம் வேண்டும் என்பது ஒரு காரணம். கொள்கை மற்றொரு காரணம். நான் அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்: “தம்பி, என் கடிகாரத்தில் இங்கே ஐந்து மணி வாக்கில் சூரியன் வருகிறது. எங்கள் ஊரிலும் ஐந்தரைக்கெல்லாம் வந்துவிடும். ஆக, சூரியன் என் கடிகாரத்தின் பக்கம் இருக்கிறது. ஏழரைக்கு விடிகிறது என்று சொல்லும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு மனிதன் எப்போது பல் தேய்ப்பது?” அவர், “அங்கிள், பஸ் சூரியன பாத்து கெளம்பாது” என்றார். இருந்தாலும் நான் தோற்கவில்லை. அவர் எட்டு மணி என்றால் நான் மனதில் கழித்து ஐந்தரை என்று நண்பர்களுக்குச் சொல்வேன். ஒரு நாளும் நாங்கள் தாமதமாகவில்லை. தாமதமானவர்கள் அத்தனை பேரும் கடிகாரத்தை மாற்றிக்கொண்டவர்கள். அந்தப் பெருமைதான், அக்கா, என்னைக் கெடுத்தது.

அக்பருக்குக் கடிகாரம் கட்டும் பழக்கமில்லை. அபர்தீன் பஜார் மணிக்கூண்டின் எதிரில் கடை வைத்திருப்பவனுக்கு எதற்குக் கடிகாரம்? போனிலாவது மணி பார்த்திருப்பான். ரோமிங் பில்லுக்குப் பயந்து மூவர் போனையும் சென்னையிலேயே ஃப்ளைட் மோடில் போட வைத்தவன் நான். அதனால் அந்தப் போன்களும் என் கடிகாரத்தோடு சேர்ந்து இந்திய நேரத்திலேயே ஓடின. ஹோட்டல் வைஃபை கிடைத்தால்தான் செய்தி வரும். தங்கள் பதினோரு மணிச் செய்தியை அவன் 09.02.2025 அன்றே கடையில் என்னிடம் சொல்லியிருந்தான். “அக்கா மணிக்கூண்டுக்கு அடியில நிக்குமாம் பக்தா. நம்ம பஜார் கூண்டு மாதிரியே அங்க ஒண்ணு இருக்காம்.” அது எந்த நாட்டுப் பதினோரு மணி என்று நான் கேட்கவில்லை. கைடு அந்நியர், அவர் மணியைக் கழித்துக்கொள்ள வேண்டும். தாங்கள் அபர்தீன் பஜாரில் பிறந்தவர். நமக்கு நம் மணியைத்தான் சொல்வீர்கள் என்று தீர்மானித்துவிட்டேன். இத்தனை வருடம் அங்கேயே விடிந்து விடிந்து அந்த ஊர் மணியே தங்கள் மணியாகியிருக்கும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

பினாங்கில் பஸ் எங்களை இறக்கிவிட்டபோது என் கடிகாரத்தில் ஏழரை. சண்முகத்துக்குக் கால் வீங்கியிருந்ததால் அவர் பஸ்ஸிலேயே இருந்துவிட்டார். மணிக்கூண்டு இரண்டு தெரு தள்ளி என்று விசாரித்துக்கொண்டேன். வெயிலில் நின்று என்ன செய்வது, வா என்று அக்பரை ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார வைத்தேன். அவனுக்கு உட்கார முடியவில்லை. குளித்து, இஸ்திரி போட்ட சட்டை, அத்தர், மடியில் உங்களுக்காகக் கொண்டுவந்த சங்கு. “சலோ பக்தா, போய் நிப்போம்” என்றான். இன்னும் நேரமிருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “அரே, முன்னாடியே வந்து நின்னுட்டிருந்தா?” என்று எழுந்தான். சட்டையைப் பிடித்து உட்கார வைத்து, உன் அக்காவுக்கு எழுபத்து நான்கு வயது, மூட்டு வலி, அவர்கள் எதற்கு முன்னதாக வரப்போகிறார்கள் என்றேன். இன்னொரு தேத்தண்ணீர் சொன்னேன். அவன் வாசலைப் பார்த்தபடியே குடித்தான். “பக்தா, நீ கட்டிப்போட்டு வெச்சிருக்க என்னை” என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் என்னிடம் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான். இரண்டு தெரு, அக்கா. கூப்பிட்டால் கேட்டிருக்குமோ கேட்டிருக்காதோ, தினமும் அதை நினைத்துப் பார்க்கிறேன்.

என் கணக்கில் பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மணிக்கூண்டின் அடியில் போய் நின்றோம். அக்பர் அண்ணாந்து பார்த்தான். ஆயுள் முழுக்க ஒரு கூண்டுக் கடிகாரத்தைப் பார்த்தே கடை திறந்து கடை பூட்டியவன். “என்ன பக்தா, இது ஒண்ணரை ஆகப்போகுதுங்குது?” என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? கூண்டைப் பார்க்காதே, என் கையைப் பார் என்றேன். மூன்று சக்கர ரிக்ஷா வைத்திருந்த ஒரு பெரியவர் எங்கள் தமிழைக் கேட்டு எழுந்து வந்தார்.

“சுங்கை பட்டாணிலேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க, அவங்க தம்பியா நீங்க?”

“ஆமா பாய், வந்துட்டாங்களா?” என்று அக்பர் சுற்றுமுற்றும் பார்த்தான்.

“பத்தரைக்கே வந்துட்டாங்க லா. ஸ்டூல் போட்டுக் குடுத்தேன். ஒரு மணி வரைக்கும் இருந்தாங்க. அப்புறம் கால் தாங்கல, மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு.”

“ஒரு மணியா? இன்னும் பதினொன்றே ஆகவில்லையே” என்றேன் நான்.

அவர் விரலை மேலே தூக்கிக் கூண்டைக் காட்டினார், அவ்வளவுதான். பிறகு ரிக்ஷாவுக்குள்ளிருந்து ஒரு தூக்குவாளியை எடுத்து அக்பரிடம் கொடுத்தார். “தம்பி வருவான், இதக் குடுத்துருங்கன்னாங்க.” அக்பர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். நீங்கள் உட்கார்ந்திருந்த அதே ஸ்டூல். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை ஒரு பக்கத்தில் முடித்திருப்பேன்.

சுங்கை பட்டாணிக்குப் போய்த் திரும்ப எங்களுக்கு அவகாசம் இல்லை. மூன்று மணிக்கு பஸ், மறுநாள் காலை விமானம். நான் பிரவீன்குமாரிடம் கெஞ்சிப் பார்த்தேன். “பஸ்ஸ நிறுத்தி வெக்க முடியாது அங்கிள்” என்றார். இத்தனை நாள் தாமதமாக வந்த மெயின்லேண்ட்காரர்களைப் பற்றி அவரிடம் அடிக்கடி புகார் செய்தவன் நான் என்பதால் மேற்கொண்டு வாயைத் திறக்கவில்லை. அன்று ராத்திரி ஹோட்டலில் வைஃபை வந்ததும் அக்பர் போனில் உங்கள் தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. அவன் திரும்பக் கூப்பிட்டான். யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் விமான நிலையத்தில் தூக்குவாளியைத் திறக்கச் சொன்னார்கள். வட்டலப்பம். குழகுழவென்று இருப்பதால் உள்ளே கொண்டுபோகக் கூடாது, தொட்டியில் போடுங்கள் என்றார்கள். அக்பருக்குச் சர்க்கரை வியாதி என்பது தங்களுக்குத் தெரியும். அவன் ஓரமாகப் போய் நின்றுகொண்டு, கையாலேயே அள்ளி, அவ்வளவையும் தின்று முடித்தான். வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. சண்முகம், “டேய், போதும்டா, செத்துக்கித்து வெக்காத” என்றார். அவருக்கு ஒரு வாய் கொடுத்தான். எனக்குக் கொடுக்கவில்லை. அது நியாயமே. பிறகு வாளியைக் கழுவித் துடைத்து மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தான். இப்போது அது கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஊர் வந்த பிறகு காலை நடையில் அவன் சாலையின் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நடுவில் சண்முகம், வீங்கிய காலோடு, இரண்டு பக்கமும் போய் வருகிறார். நேற்று முன்தினம் அவர் மூலம் சொல்லியனுப்பினேன்: நான் அக்காவுக்கு எழுதி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன் என்று. “அந்தாளு ஒண்ணும் எழுத வேணாம்னு சொல்லு” என்று பதில் வந்தது. நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் என்னைப் பக்தா என்று கூப்பிட்டவனுக்கு நான் இப்போது அந்தாளு. அவன் வேண்டாமென்றாலும் நான் எழுதுகிறேன். தாங்கள் அவன் போனை எடுங்கள். அவன் தங்களை மறந்துவிட்டுக் கடை கடையாகச் சுற்றிக்கொண்டிருக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி அத்தர் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உட்கார வைத்தவன் நான். கோபப்படுவதற்கு ஆள் வேண்டுமென்றால் மேலே என் முகவரி இருக்கிறது.

சூரியனைப் பற்றி நான் சொன்ன வாதத்தில் இன்றும் தவறில்லை என்றே கருதுகிறேன். ஆனால் அது சரியாக இருந்து யாருக்கு என்ன லாபம் என்று நளினி கேட்கிறாள்.

முபாரக்குக்கும் மர்ஜானாவுக்கும் என் ஆசிகள். பேரப்பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும், நேரம் கேட்டால் எந்த ஊர் நேரம் என்று திருப்பிக் கேட்கும் புத்தியோடும் வளரட்டும். தங்கள் மூட்டு வலி குறையட்டும். தங்கள் பாதங்களை வணங்கி,

தங்கள் தம்பியின் நண்பனாக இருந்த,
சி. பக்தவத்சலம்

பின்குறிப்பு, 01.03.2025, சனிக்கிழமை: நேற்று தபால் நிலையத்துக்குக் கிளம்பும்போது சண்முகம் வந்து தடுத்துவிட்டார். தாங்கள் கோபமாகவே இல்லையாம். பினாங்கிலிருந்து திரும்பிய கையோடு தங்களுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்ததாகவும், டாக்டர் போனைப் பார்க்கக் கூடாது என்றதால் மர்ஜானா அதை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டதாகவும், நேற்றுத் தாங்களே கூப்பிட்டதாகவும் சொன்னார். மகிழ்ச்சி. ஆனால் அக்பர் தங்களிடம், தான் பஸ்ஸில் தூங்கிவிட்டதால் வர முடியவில்லை என்று சொல்லியிருக்கிறானாம். தாங்களும், “நீ சின்னதுலேர்ந்தே தூங்குமூஞ்சிதானடா” என்று சிரித்தீர்களாம். என் பெயரே அதில் வரவில்லை. என்னோடு பேசாமல் இருந்துகொண்டே எனக்காக இந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறான். ஆகவே மேலே எழுதிய எதையும் தாங்கள் படித்ததாக அவனிடம் காட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் படியுங்கள், அவன் தூங்கவில்லை.

நோன்புப் பெருநாள் முடிந்து, ஏப்ரல் 9, புதன்கிழமை, தாங்கள் முபாரக்கோடு இங்கு வருகிறீர்கள் என்றும் அறிந்தேன். விமானம் எத்தனை மணிக்கு என்று சண்முகத்தை விட்டுக் கேட்டேன். அந்தாளுக்கு மட்டும் சொல்லாதே என்று அக்பர் உத்தரவு போட்டிருக்கிறான். பரவாயில்லை. விடிந்ததும் விமான நிலைய வாசலில் வந்து உட்கார்ந்துவிடுகிறேன். ஸ்டூல் என்னிடம் இருக்கிறது. தாங்கள் இங்கே தங்கும் நாட்களில் தங்கள் கடிகாரத்தை மாற்ற வேண்டாம். என்னுடையதை இப்போதே தங்கள் மணிக்குத் தள்ளி வைத்துவிட்டேன். இனி இந்த வீட்டில் ஏழரைக்குத்தான் விடியும் என்பதை நளினியிடம் இன்னும் சொல்லவில்லை.