கம்பிக்கு வைத்த பொட்டு

ஆண்டாள் கோயில் எண்ணெய்க்காப்புத் தைலத்தால் சரியாகாத கோளாறு கிடையாது என்று நம்புகிறவன் நான். அந்தத் தைலம் பட்டுக் கெட்டுப்போகப் பார்த்த ஒரே காரியம், என் மகள் கோதையின் நேர்முகத் தேர்வு. குற்றம் தைலத்தினுடையது அல்ல, தடவியவனுடையது.

கோதை இயற்பியல் படித்தவள். வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்ய இடம் கேட்டிருந்தாள். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்திலிருந்தே லேப்டாப்பில் பேச வேண்டும். என்ன ஆராய்ச்சி என்று பத்தாம் வகுப்போடு நின்ற நான் கேட்டேன்.

"மூணு துகளுக்குள்ள ஒரு பிணைப்பு இருக்குப்பா. அது எம்புட்டுன்னு நேரா அளக்க ஏலாது. மூணையும் விளிம்புல வச்சு, உள்ளுக்குள்ள ஒரு வெளி இருக்கதா கணக்குப் போட்டு, அதுல மூணையும் பிரிக்கிற ஆகச் சின்னப் பரப்பை அளந்தா தெரிஞ்சிரும்."

அதைக் காட்டத்தான் முக்கோணக் கம்பிக்கூடு ஒன்று செய்திருந்தாள். சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்தால் மூன்று பக்கமிருந்தும் மெல்லிய படலங்கள் வந்து நடுவே ஒரே கோட்டில் சேரும். அதுதான் அந்த ஆகச் சின்னப் பரப்பாம். பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. (கையெடுத்துக் கும்பிட்டதையும் மறைப்பதற்கில்லை.)

புதுக் கருவி எதுவானாலும் எங்கள் வீட்டில் பொட்டு வைக்காமல் எடுக்க மாட்டோம். தேர்வன்று காலை, கம்பியின் மூன்று மூலைக்கும் குங்குமத்தைத் தைலத்தில் குழைத்து வைத்தேன்.

லேப்டாப் திரையில் பேராசிரியர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கோதை முக்கினாள். படலம் பட்டென்று உடைந்தது. மறுபடி முக்கினாள், மறுபடி உடைந்தது. கம்பியை ஓரமாக வைத்துவிட்டு, தாளில் வரைந்து விளக்கத் தொடங்கினாள். தைலம் போதவில்லை போலிருக்கிறது என்று நான் கேமராவில் தெரியாமல் குனிந்து போய்க் கம்பியை எடுத்து வந்து இன்னும் கொஞ்சம் தடவினேன்.

என் மனைவி பார்த்துவிட்டாள்.

"என்னத்தத் தடவுதீக?"

"தைலம்."

"எண்ணெய் பட்டா சோப்பு நுரை நிக்குமா? ஒரு நாளாச்சும் பாத்திரம் தேச்சிருந்தாத்தான தெரியும்."

கம்பியைப் பிடுங்கித் தேய்த்து, புதுச் சோப்புத் தண்ணீரோடு கோதையிடம் நகர்த்தினாள். இந்த முறை படலம் நின்றது. வானவில் போல மின்னிக்கொண்டு அப்படியே நின்றது! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மூலைகளில் ஒட்டியிருந்த சிவப்பு என்னவென்று ஒரு பேராசிரியர் கேட்டாராம். மூன்று துகள்களுக்கான அடையாளம் என்றாள் கோதை, கொஞ்சமும் தயங்காமல். இடம் கிடைத்துவிட்டது.

இன்று அவள் ஆய்வகத்தில் எல்லாக் கம்பிக்கூட்டிலும் மூன்று சிவப்புப் பொட்டு உண்டு. (பெயின்ட்டில்.) இங்கே மிக்ஸி ஓடாவிட்டாலும் பால் திரிந்தாலும், "இதுலயும் தடவிட்டீகளா?" என்றுதான் என் மனைவி கேட்கிறாள். தைலப் புட்டியை எனக்கு எட்டாத மேல்தட்டில் ஏற்றிவிட்டாள்.

நாற்காலி போட்டால் எட்டும்.