சுவரில்லாத சமையலறை

சமைக்கத் தெரியாதவர்களிடம்தான் சமையலறையைப் பற்றிய யோசனைகள் ஏராளமாக இருக்கும். என்னிடம் ஒரு காலத்தில் அவை கொட்டிக் கிடந்தன. எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். முட்டை அவிக்கவும் தெரியும் (வெடிக்காமல் வந்தால் அன்றைக்கு நல்ல நாள்). மற்றபடி எங்கள் வீட்டுச் சமையல் முழுக்க என் கணவர் செல்வத்தின் கையில்.

செல்வத்துக்கு நாள் முழுவதும் தொலைபேசியில் வாடிக்கையாளர்களின் புகார்களைக் கேட்கிற வேலை. மாலையில் வீட்டுக்கு வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வெகுநேரம் கழித்து மீன்குழம்போடு வெளியே வருவார். போகும்போது இருந்த முகம் வரும்போது இருக்காது. அப்படி ஒரு தெளிவு! அதற்குக் காரணம் மீன்குழம்பு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சிங்கப்பூரின் துவாஸ் பகுதியில் ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் வேலை. எந்தப் பொருளை எங்கே அடுக்கினால் ஆட்கள் குறைவாக நடப்பார்கள் என்று கணக்குப் போடுவதுதான் என் தொழில். சுவா சூ காங்கில் நாங்கள் வீடு வாங்கியபோது, இந்தத் திறமையை என் கணவர் மேல் காட்டினால் என்ன என்று தோன்றியது. அதுவரை குடியிருந்த வாடகை வீட்டுச் சமையலறை வாசலில் நின்று அவரைக் கவனித்தேன். ஃப்ரிட்ஜுக்குப் போகிறார், எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்புகிறார், வெங்காயத்தைப் பார்த்ததும் ஞாபகம் வந்து மறுபடியும் போகிறார். கிடங்கில் ஒருவர் இப்படி நடந்திருந்தால் கூப்பிட்டு விசாரணையே வைத்திருப்பேன்.

“இவ்வளவு நடக்கிறீங்களே, கால் வலிக்கலையா?”

“வலிக்கலையே.”

“புது வீட்டுல ஒரே இடத்துல நின்னுகிட்டே எல்லாத்தையும் செய்யலாம். பாதி நேரத்துல சமையல் முடிஞ்சிடும்.”

“முடிஞ்சா?”

“முடிஞ்சா வெளிய வந்து என்கூட உட்கார்ந்து பேசலாம்ல?”

அவர் குழம்பைக் கிளறிக்கொண்டே, “சரி மீனா, உனக்குப் பிடிச்ச மாதிரி பண்ணு” என்றார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். (அவர் ‘உனக்கு’ என்று சொன்னதைக் கவனிக்க எனக்கு ஏது நேரம்? அளவு நாடாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.)

புது வீட்டில் முதல் வேலையாகச் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த சுவரை இடிக்கச் சொன்னேன். அந்த இடத்தில் ஒரு நீளமான மேடை. மேடையில் தொட்டால் எரியும் இண்டக்‌ஷன் அடுப்பு. திரும்பினால் சிங்க், கையை நீட்டினால் ஃப்ரிட்ஜ். டிராயர்களுக்குக் கைப்பிடியே கிடையாது. லேசாகத் தள்ளினால் தானாகத் திறந்துகொள்ளும். மேடையின் மறுபக்கம் வரிசையாக உயரமான ஸ்டூல்கள். விருந்தினர்கள் அதில் உட்கார்ந்து, சமைப்பவரோடு பேசிக்கொண்டே இருக்கலாம் அல்லவா? இதைவிட ஒரு மனிதருக்கு என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

குடிவந்த பிறகு செல்வம் உண்மையிலேயே சீக்கிரம் சமைத்து முடித்தார். மீன்குழம்பு குறைந்து ரசம், அப்பளம் என்று ஆனதை நான் பொருட்படுத்தவில்லை. என் திட்டம் வெற்றி என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

அந்த வெற்றி, தேவிக்குச் சம்பந்தம் பேசிய ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் நீடித்தது.

தேவி என் கணவரின் தங்கை. பெற்றோர் இல்லாத பெண். அண்ணன்தான் அவளுக்கு எல்லாம். கூட வேலை பார்த்த பிரகாஷை அவள் விரும்பினாள். பிரகாஷின் அம்மாவுக்கு இதில் அரை மனசு. தன் சொந்தத்தில் ஒரு பெண்ணை நினைத்து வைத்திருந்தவர். ‘வீட்டைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன்’ என்று மட்டும் சொல்லியிருந்தார்.

“ஹோட்டல்ல வாங்கிடலாங்க” என்றேன்.

“வேணாம். அம்மா இருந்திருந்தா அவங்க கையால சமைச்சுப் போட்டிருப்பாங்க. நான் செய்யறேன்” என்றார் செல்வம். காலையிலேயே தேக்கா சந்தைக்குப் போய் ஆட்டிறைச்சி வாங்கி வந்தார். மட்டன் பிரியாணி, கத்திரிக்காய் பச்சடி, காரமாக ஒரு மிளகாய்க் கோழி.

பிரகாஷ் தன் அப்பா அம்மாவோடு சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டான். பிரியாணி பாதியில் இருந்தது. பழைய வீடாக இருந்தால் கூடத்தில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தியிருக்கலாம். இங்கே கதவும் இல்லை, சுவரும் இல்லை. நான் பெருமையோடு அவர்களை ஸ்டூல்களில் ஏற்றி உட்கார வைத்தேன். பிரகாஷின் அம்மா குள்ளமானவர். கால்கள் அந்தரத்தில் தொங்க, மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இது எல்லாமே என்னோட ப்ளான்தான் ஆன்ட்டி” என்று ஆரம்பித்தேன். சுவரை ஏன் இடித்தேன், நடை எப்படி மிச்சமாகிறது, டிராயர் எப்படித் திறக்கும் என்று விளக்கம் ஓடிக்கொண்டே இருந்தது.

பிரகாஷின் அப்பா இன்னொரு பக்கம். “தம்பி, தயிர் இப்பவே ஊத்தணுமா? எங்க வீட்டுல கடைசியாத்தான் ஊத்துவாங்க.” “தம்பி, அரிசி ஊறிடுச்சா?” வாடிக்கையாளரின் புகாரைக் கேட்பது போலவே என் கணவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது.

அப்போதுதான் அவர் குனிந்து பிரியாணியைப் பார்த்தார். முழங்கால் பட்டு மசாலா டிராயர் படாரென்று திறந்து அதிலேயே இடித்தது. அதை மூடிவிட்டு நிமிர்ந்தார்; பக்கத்து டிராயர் திறந்தது. கோழிக்காகக் காய்ந்துகொண்டிருந்த எண்ணெயில் மிளகாயைப் போட்டுவிட்டுச் சூட்டைக் குறைக்க ஈரக்கையால் அடுப்பைத் தொட்டார். அது கீச்சென்று ஒரு சத்தம் போட்டுப் பூட்டிக்கொண்டது. சூடு குறையவில்லை.

“மீனா, இது பூட்டிக்கிச்சு!”

“கை ஈரமா இருந்தா கேக்காதுங்க, துடைச்சிட்டுத் தொடுங்க” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன். ஆன்ட்டியிடம் ஃப்ரிட்ஜைப் பற்றிய விளக்கம் பாதியில் இருந்தது.

மிளகாய் கருகியது. சிங்கப்பூரில் எந்தச் சமையலறையிலும் மிளகாய் கருகும். ஆனால் நடுவில் ஒரு சுவர் இருக்கும். அந்த நெடி நேராக மூன்று விருந்தினர்களின் மூக்குக்கும் போனது. அங்கிள் இருமினார், பிரகாஷ் தும்மினான், ஆன்ட்டி மூச்சுத் திணறி ஸ்டூலிலிருந்து இறங்கத் தெரியாமல் கையை வீசினார். நான் எண்ணெய்ச் சட்டியைத் தூக்கி சிங்கில் வைத்துக் குழாயைத் திறந்தேன். (சமையல் தெரிந்தவர்கள் இதைச் செய்ய மாட்டார்களாம். பிறகு தெரிந்துகொண்டேன்.) புஸ்ஸென்று எழுந்த புகையில் கூரையிலிருந்த தீ எச்சரிக்கை அலாரம் அலற ஆரம்பித்தது.

எதிர்வீட்டுச் சீன அங்கிள் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். “ஓகே ஆ? ஓகே ஆ?” தேவி அழுதுகொண்டே அவருக்கு ஓகே சொன்னாள். இந்தக் கலவரத்தில் எல்லோரும் மறந்துபோன பிரியாணி, அடிப்பிடித்துக் கரியாகிக்கொண்டிருந்தது.

ஒருவழியாக ஆன்ட்டியைத் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். செல்வம் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வெளியே வர முகம் இல்லை.

“மன்னிச்சுக்குங்க ஆன்ட்டி. எனக்கு நல்லாவே சமைக்க வரும். இன்னைக்கு என்னமோ வரல” என்றார் செல்வம்.

“ஏன் தம்பி, இப்படி நடுக்கூடத்துல அடுப்ப வச்சிருக்கீங்க?”

“நான்தான் இப்படி வைக்கச் சொன்னேன், ஆன்ட்டி. மீனா வேணாம்னுதான் சொன்னா.”

அன்று கேட்டதிலேயே அதிகச் சத்தம் அந்த அலாரம் அல்ல. இந்த வாக்கியம்தான்.

ஆன்ட்டி தண்ணீரைக் குடித்து முடித்தார். “சரி, கீழ காப்பிக்கடை இருக்குல்ல? பசிக்குதுலா” என்றார். சம்பந்தப் பேச்சு பரோட்டாவும் மீன் கறியுமாக அங்கேதான் நடந்தது. எழுந்திருக்கும்போது கல்யாணம் முடிவாகிவிட்டது. பிறகு ஒருநாள் அவரே தேவியிடம் காரணத்தைச் சொன்னாராம். “உங்க அண்ணி அரை மணி நேரமா ‘என் ப்ளான், என் ப்ளான்’னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. உங்க அண்ணன் கூசாம பழிய தன் மேல போட்டுக்கிட்டாரு. அப்படிப்பட்ட வீட்டுப் பொண்ணு தப்பா இருக்காதுன்னு நினைச்சேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை செல்வம் அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“சமையல் சீக்கிரம் முடியணும்னு நான் எப்ப கேட்டேன், மீனா?”

நான் ஒரு ஈரத்துணியை எடுத்து மேடையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“நாள் பூரா யாராவது காதுல பேசிக்கிட்டே இருக்காங்க. பழைய வீட்டுல கதவ சாத்திக்கிட்டா யாரும் பேச மாட்டாங்க. வெங்காயம் என்ன பேசவா போகுது?”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன்.

சுவரைத் திரும்ப எழுப்ப வழியில்லாதபடி மேடை நின்றுகொண்டிருந்ததால் நகரும் கண்ணாடிக் கதவு ஒன்றைப் போட்டேன். அதற்குப் பின்னால் அவர் மீன் தொட்டிக்குள் நிற்பவர் மாதிரி தெரிந்தார். கொஞ்ச நாள் முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டார். இப்போது நாங்கள் வார நாட்களில் பெரும்பாலும் வாங்கித்தான் சாப்பிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அவர் மீனை வாங்கிக்கொண்டு புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் தேவி வீட்டுக்குப் போய்விடுவார். ஒருவர் நின்றால் இன்னொருவர் நுழைய முடியாத, பழைய காலத்துக் குறுகல் சமையலறை அது. உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்வார். மதியம் நான் போய்ச் சேரும்போதும் கதவு சாத்தியேதான் இருக்கும். தட்ட மாட்டேன்.

போன தீபாவளிக்கு அங்கே உறவினர் கூட்டம். ஆன்ட்டி என்னைப் புதிதாக வந்த ஒருவருக்கு அறிமுகப்படுத்தினார்: “இதுதான் நம்ம தேவியோட அண்ணி. சுவா சூ காங்ல ரொம்ப அழகான சமையலறை கட்டி வச்சிருக்கு. சமைக்கிறதுக்குத்தான் இங்க வருவாங்க.”

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன், எல்லோரையும்விடச் சத்தமாக.