கைப்பிடி உணர்வு ஒப்பாய்வுக் குழு

விமானி ஆக விரும்புகிறவர்கள் முதலில் தரையில் உட்கார்ந்து பறக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது விமானப் பயிற்சித் துறையின் கொள்கை. அதற்காக ஒரு குளிர்ந்த அறையில் விமானியின் இருக்கையும், எதிரே சுவர் அகலத்துக்கு ஒரு திரையும், நடுவில் ஒரு ஜாய்ஸ்டிக்கும் வைத்திருந்தார்கள். அதை இடது பக்கம் சாய்த்தால் திரையில் வானம் சாயும். பின்னால் இழுத்தால் விமானத்தின் மூக்கு மேலே போகும். இப்படிப் பல மணி நேரம் சாய்த்தும் இழுத்தும் காட்டியவர்களுக்குத்தான் பெரிய விமானத்தில் ஏற அனுமதி.

அந்த ஜாய்ஸ்டிக் ஒரு நாள் அடியோடு முறிந்து கையோடு வந்துவிட்டது. பொருள்கள் முறிவது துறைக்குப் புதிதல்ல. ஆனால் புதிதாக வாங்கப் பரிந்துரைத்த புண்ணியவான், "கைக்கு நல்ல உணர்வைத் தரும் உயர்தர வகை" என்று எழுதிவிட்டார். அங்கேதான் வினை தொடங்கியது. எடை, நீளம் என்றால் அளந்துவிடலாம். உணர்வை எதைக் கொண்டு அளப்பது? மேலிடம் யோசித்துப் பார்த்தது. யோசனை எதுவும் வராதபோது வழக்கமாகச் செய்வதையே இப்போதும் செய்தது. 'திசைமாற்றுக் கைப்பிடி உணர்வு ஒப்பாய்வுக் குழு' என்று ஒன்று பிறந்தது.

குழுவுக்குத் தலைவர் கொள்முதல் அதிகாரி. துறையின் நாற்காலிகள் எல்லாம் அவர் தேர்ந்தெடுத்தவை. அதனால்தான் அங்கே எல்லோரும் அடிக்கடி எழுந்து வெளியே போவார்கள். தணிக்கை அதிகாரி ஓர் உறுப்பினர். கட்டடப் பொறியாளர் தொழில்நுட்ப உறுப்பினர். விமானம் ஓட்டத் தெரிந்தவர்களைச் சேர்க்கவில்லை. அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு கருத்து இருக்கும், நடுநிலை கெட்டுவிடும் என்று மேலிடம் அஞ்சியது.

கொள்முதல் அதிகாரிக்கு ஒரே மகள். அவளும் அந்த மையத்தில்தான் பயிற்சி பெற்றுவந்தாள். சின்ன விமானத்தை நிஜமாகவே ஓட்டிக் காட்டியாகிவிட்டது. பெரிய விமானத்துக்கான இந்தத் திரைப் பயிற்சி மட்டும்தான் பாக்கி. ஒரு விமான நிறுவனம் வேலை தருகிறேன், மழைக்காலம் முடிவதற்குள் சான்றிதழோடு வந்து சேர் என்று சொல்லியிருந்தது. மழை அப்போதே தொடங்கிவிட்டிருந்தது.

"அப்பா, எதையாவது ஒண்ண சீக்கிரம் வாங்கிப் போடுங்கப்பா. இந்த வேலை கைவிட்டுப் போச்சுன்னா எனக்கு வேற இடமில்ல" என்றாள் மகள்.

"எதையாவது வாங்கறதுக்கு இது என்ன நம்ம வீட்டுக் காசா? அரசாங்கக் காசும்மா. தீர விசாரிச்சுத்தான் தப்பு பண்ண முடியும்" என்றார் அவர். அவர் சொல்ல வந்தது வேறு. வாயில் உண்மை வந்துவிட்டது.

உயர்தர ஜாய்ஸ்டிக்குகளைப் பிடித்துப் பார்த்து அவற்றின் உணர்வை ஒப்பிடுவது அந்தக் காலத்தில் ஊரெங்கும் ஒரு மோஸ்தராக இருந்தது. விமான நிலையத்தின் பக்கமே போகாதவர்கள்கூட வீட்டில் மூன்று நான்கு வாங்கி அலமாரியில் அடுக்கினார்கள். விருந்தாளி வந்தால் குடிக்கத் தண்ணீர் கொடுக்கும் முன் ஒரு ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுத்தார்கள். விருந்தாளி கண்ணை மூடிக்கொண்டு "ஆகா" என்று சொல்ல வேண்டும். சொல்லாதவரை அடுத்த முறை கூப்பிடுவதில்லை. இந்தக் கூட்டத்துக்கெல்லாம் குரு, இணையத்தில் வீடியோ போடுகிற ஒரு தாடிக்காரர். அவரைப் பட்டுக்கை என்பார்கள். கைக்கு எண்ணெய் தடவிக் கையுறை போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். குழு அவரைச் சிறப்பு வல்லுநராக அழைத்தது. உயரம் என்றால் தலை சுற்றும் என்பதால் அவர் தரைத்தளத்தில் கூட்டம் போடச் சொன்னார்.

கடைக்காரர் மூன்று மாதிரிகளை அனுப்பியிருந்தார். கூட்டம் தொடங்கியதும் தணிக்கை அதிகாரி விதியை எடுத்துச் சொன்னார். மாதிரியைப் பயன்படுத்தினால் அது பழைய பொருளாகிவிடும். பழைய பொருளை வைத்துப் புதிய பொருளை மதிப்பிடுவது குற்றம். ஆகவே எந்த மாதிரியையும் மின்சாரத்தில் செருகக் கூடாது. பிளாஸ்டிக் உறையையும் பிரிக்கக் கூடாது. குழு இதை ஏகமனதாக ஏற்று, உறைக்கு மேலேயே உணரத் தொடங்கியது.

மூன்றும் ஒரே மாதிரி வழவழவென்று சரசரப்பதாகப் பட்டுக்கை அறிவித்தார். அது குறித்துக்கொள்ளப்பட்டது.

முதல் மாதிரி ஸ்பிரிங் வைத்தது. எந்தப் பக்கம் தள்ளினாலும் கையை விட்டதும் நடுவுக்கு வந்து நின்றுகொள்ளும். தணிக்கை அதிகாரி அதைப் பலமுறை தள்ளிப் பார்த்து மனம் நொந்துபோனார். இவ்வளவு உழைத்தும் பழைய இடத்துக்கே திரும்பி வருகிற ஒன்றுக்கு எதற்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டும், அதற்குத்தான் நாம் இருக்கிறோமே என்பது அவர் வாதம். அது தள்ளுபடியானது.

இரண்டாவது மாதிரிக்குள் மோட்டார் இருந்தது. மின்சாரம் கொடுத்தால் காற்று முட்டுவதையும் சக்கரம் தரையைத் தொடுவதையும் கையிலேயே காட்டிக் கொடுக்குமாம். மின்சாரம் கொடுக்கக் கூடாது என்பதால் அது சோர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பொறியாளர் ஒரு விரலால் தொட்டார். மறுபக்கம் சாய்ந்தது.

"முதுகெலும்பே இல்ல சார். யார் தொட்டாலும் சாயுது. நாளைக்கு ஒரு மந்திரி வந்து தொட்டாருன்னா?" என்றார்.

"உயிரில்லாத உணர்வு" என்று பட்டுக்கை கண்ணை மூடிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

மூன்றாவதை இடது பக்கம் தள்ளினார்கள். அசையவில்லை. இரண்டு பேர் சேர்ந்து தள்ளினார்கள். மேசைதான் நகர்ந்தது. பொறியாளர் முகம் மலர்ந்தது. தூண் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்றார். ஒயர் எங்கே என்று தலைவர் மட்டும் சந்தேகம் கேட்டார். உலகம் முழுவதும் ஒயரைக் கைவிட்டு வெகு காலமாகிறது என்று பட்டுக்கை இரக்கத்தோடு சிரித்தார். தலைவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை.

உண்மையில் அது கடை முகப்பில் அழகுக்கு வைக்கிற பொம்மை. ஒரே வார்ப்பாக வார்த்தது. கடைப் பையன்கள் மாற்றிக் கட்டி அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்ததும் கடைக்காரர் பதறியடித்து ஓடி வந்தார். பரிசீலனை நடக்கும்போது விற்பனையாளர் குழுவோடு பேசுவது முறைகேடு என்று வாசலிலேயே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தேர்வான செய்தி வந்த பிறகு அவரும் பேச்சை விட்டுவிட்டார். "அசைக்க முடியாத உணர்வு" என்ற புகழுரையோடு மூன்றாவது மாதிரி பயிற்சி அறையில் பொருத்தப்பட்டது. தள்ளுபடியான மாதிரிகள் கோப்பு முடியும்வரை தலைவர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதால், அவை அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தன.

புதிய கைப்பிடியால் பயிற்சியின் தரம் சட்டென்று உயர்ந்தது. முன்பெல்லாம் மாணவர்களின் விமானம் திரையில் குப்புற விழும், மலையில் மோதும். இப்போது எல்லோருடைய விமானமும் நேராகப் போனது. விபத்து அறவே இல்லை. ஒரே ஒரு குறை, அது இறங்கவும் இல்லை. கொள்முதல் அதிகாரி இதற்கும் வழி கண்டார். தரையிறக்கம் மட்டும் இனிமேல் எழுத்துத் தேர்வாக நடக்கும் என்று குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மகள் முதல் நாளே வந்து முறையிட்டாள். "அப்பா, அது அசையவே மாட்டேங்குது."

"எல்லாருக்கும் சரியாத்தான இருக்கு. உன் பிடியைப் பாரு" என்றார் அப்பா.

அவள் ஒரு மத்தியானம் முழுக்க அழுதாள். இறக்கத் தெரியாமல் நூற்றைம்பது பேரை ஏற்றிக்கொண்டு எப்படிப் போவது என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மாவுக்கு விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது தெரியும். தினமும் பெருக்கும்போது துடைப்பத்தில் தட்டுகிறதே. இரண்டாவது மாதிரியை வெளியே இழுத்து, உறையைக் கிழித்து, மகளுடைய கம்ப்யூட்டரில் செருகச் சொன்னாள். சோர்ந்து கிடந்தது நிமிர்ந்து உட்கார்ந்தது. மகள் பிடித்த பிடியில் அது உதறியது, எதிர்த்தது, தரை வந்தபோது உள்ளங்கையில் குறுகுறுத்தது. அன்று முதல் அப்பா அலுவலகம் கிளம்பியதும் வீட்டில் விமானங்கள் இறங்கத் தொடங்கின. முதலில் எல்லாம் விழுந்தன. பிறகு இறங்கின. மழைக்காலம் முடியும் முன் மகள் மையத்தில் அசையாததைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்து முதல் மதிப்பெண் வாங்கினாள், எழுத்துத் தேர்வில் அழகாக இறங்கினாள், வேலையிலும் சேர்ந்தாள்.

துறைக்கு ஒரே பெருமை. குழு தன் ஒப்பாய்வை ஒரு மாநாட்டில் படிக்க வேண்டும் என்று மேலிடம் ஆணையிட்டது. மகள் துணை விமானியாகப் போகும் விமானத்திலேயே எல்லோருக்கும் இடம் போட்டார்கள். பட்டுக்கைக்கு ஜன்னல் ஓரம். தலைவரின் மனைவியும் கூட வந்தாள்.

எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. கதவு மூடுவதற்கு முன், இன்று விமானத்தைத் தரையிறக்கப் போவது துணை விமானி என்றும், அவர் பயின்ற மையத்தின் பெரியவர்கள் நம்மோடு இருப்பது பெருமை என்றும் அறிவிப்பு வந்தது. பயணிகள் கை தட்டினார்கள். பெரியவர்கள் தட்டவில்லை.

பொறியாளருக்கு ஓர் அவசர வேலை நினைவுக்கு வந்தது. தணிக்கை அதிகாரி பீரோச் சாவியைத் தேடிக்கொண்டே இறங்கினார். பட்டுக்கை காரணம் எதுவும் சொல்லவில்லை, வழியில் நின்றவர்களைத் தாண்டிக்கொண்டு போனார். கொள்முதல் அதிகாரியின் கையும் பெல்ட்டில் இருந்தது.

"என்னங்க, பெத்த பொண்ணு ஓட்டறா. நீங்களே எறங்கலாமா?" என்றாள் மனைவி. பிறகு குரலைத் தாழ்த்தி நடந்ததைச் சொன்னாள். "அவ உங்க கட்டைய வச்சு ஒண்ணும் கத்துக்கல. கட்டிலுக்கு அடியில கெடந்துச்சே, அதுலதான் கத்துக்கிட்டா. பயப்படாம உக்காருங்க."

அவர் முகம் வெளிறிவிட்டது. "தள்ளுபடி ஆனதுலயா?" என்றார். "அதுக்கு நான்தான அறிக்கை எழுதினேன்." பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கிப் பஸ்ஸுக்குப் போய்விட்டார். மனைவி இறங்கவில்லை. பெரியவர்கள் இறங்கியதில் இடம் தாராளமாயிற்றே என்று மற்றப் பயணிகள் காலை நீட்டிக்கொண்டார்கள். ஏன் இறங்கினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

குறுக்குக் காற்றும் தூறலுமாக இருந்த ஓடுபாதையில் மகள் விமானத்தைப் பூப்போல இறக்கினாள். பத்திரிகைகள் எழுதின. தேர்வான கைப்பிடியின் மகிமைக்கு இதைவிட வேறு சான்று வேண்டாம் என்று மேலிடம் முடிவு செய்து, நாட்டின் எல்லாப் பயிற்சி மையங்களுக்கும் அதையே வாங்க உத்தரவிட்டது. உறை கிழிந்திருந்ததால் பழைய பொருளாகிவிட்ட இரண்டாவது மாதிரி விதிப்படி உடைக்கப்பட்டது. மகளிடம் ஒரு நற்சான்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் அனுமதியில்லாத கருவியில் பயின்றதாகச் சான்றிதழ் ரத்தாகும், வேலையும் போகும். "அசைக்க முடியாத உணர்வு" என்று அவளும் எழுதிக் கையெழுத்திட்டாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் புதிய தொகுதி விமானிகள் எல்லா நிறுவனங்களிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். அந்த வாரம் வெளியூர்க் கல்யாணம் ஒன்றுக்குப் போக அம்மா பஸ் ஏறினாள். பக்கத்தில் கணவர். முன் இருக்கையில் தணிக்கை அதிகாரி, பின்னால் பொறியாளர், படி ஓரத்தில் கையுறையோடு பட்டுக்கை. ஒருவரை ஒருவர் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்கள். பஸ் கிளம்பும் நேரத்தில் ஒரு பெண் பையோடு ஓடி வந்து ஏறினாள்.

"நீ விமானத்துல வரேன்னு சொன்னியேம்மா?" என்றாள் அம்மா.

"இன்னைக்கு நான் ஓட்டலம்மா" என்று சொல்லிவிட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதல் திருப்பத்தில் ஸ்டியரிங் திரும்பியது, பஸ்ஸும் திரும்பியது. எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, குழுத் தலைவரை அடையாளம் கண்டுகொண்டு மரியாதையாகச் சிரித்தார்.

"சார், எங்க பஸ்ஸுக்கெல்லாம் புது ஸ்டியரிங் போடப் போறாங்களாம். உங்க குழுதான் பிடிச்சுப் பாத்துச் சொல்லுதாமே."

கொள்முதல் அதிகாரி மடியிலிருந்த கோப்பைத் தலைப்பு தெரியாதபடி திருப்பி வைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போன பிறகு மகள், ரயில் நிலையம் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று அம்மாவிடம் கேட்டாள்.