கறுப்புக் காது எந்தப் பக்கம்?

காலையில் இடது காது கறுப்பாக இருந்த நாய்க்கு மத்தியானம் வலது காது கறுப்பாக இருந்தது.

பஸ் டிரைவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். வலதுதான். விடிகாலை டிரிப்புக்குக் கிளம்பும்போது அவர் தடவிக் கொடுத்துவிட்டுப் போன காது இடது. அதில் சந்தேகமே இல்லை.

"என்னங்க, நாயை அப்படி முறைக்கிறீங்க?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லை என்றாரே தவிர, கண் சுவர்க் காலண்டருக்குப் போனது. சனிக்கிழமை டிப்போவில் வருடாந்திரக் கண் பரிசோதனை. தேறாதவர்களை வண்டியிலிருந்து இறக்கி உதிரி பாகங்கள் அறையில் உட்கார வைத்துவிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக ஒரு சைக்கிளைக்கூட உரசாமல் ஓட்டியவர் அவர். ஸ்டியரிங்கை விட்டால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூட அவருக்குத் தெரியாது.

நாய் வந்ததே அவர் ஆசையால்தான். வெள்ளை உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி போட்ட டால்மேஷன் அந்தக் காலத்தில் குதிரை வண்டிகளோடு கூடவே ஓடிய இனம் என்று எங்கோ படித்துவிட்டு, வண்டி ஓட்டுகிறவனுக்கென்றே படைத்த நாய் என்று பித்துப் பிடித்து அலைந்தார். ஆனாலும் மனுஷர் உஷார். "ஒண்ணே ஒண்ணு. அதுவும் ஒரு வாரம் வெச்சுப் பார்த்து, ஒத்து வந்தாத்தான்" என்று மனைவியிடம் கறாராகச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை அவர் பஸ்ஸில் இருந்த நேரத்தில் நாய்க் காப்பகத்துக்காரர் வந்து, 'டால்மேஷன் உங்களுக்கு ஏற்றதா?' என்ற கேள்வித்தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நாய்க்குப் புள்ளி என்று பேர் வைத்தார்கள். அதற்கு ஒன்றும் பெரிய மூளை தேவைப்படவில்லை.

கேள்வித்தாளை அவர் ஒழுங்காகத்தான் நிரப்பி வந்தார்.

சொன்ன பேச்சைக் கேட்கிறதா? திங்கள்: கேட்கிறது. செவ்வாய்: காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.

எவ்வளவு ஓடினால் களைக்கிறது? நான், இரண்டாவது தெருவில். நாயைப் பற்றித் தகவல் இல்லை.

முடி கொட்டுவதில் ஆட்சேபம் உண்டா? எனக்கு இல்லை. யூனிபார்ம் என்ன நிறம் என்று கண்டக்டர் கேட்கிறார்.

புதன்கிழமை ஒரு மணி நேரம் ஓட்டமும் நடையுமாக அதை அழைத்துப் போய், நாக்குத் தள்ளி வீடு திரும்பினார். குளித்துவிட்டு வந்தால், கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு வாசலில் குதிக்கிறது நாய், அப்போதுதான் தூங்கி எழுந்த மாதிரி. வால் நுனியில் ஒரு கறுப்புத் திட்டு வேறு.

"இது நேத்து இருந்துதா?"

"அது ஆட்டுற ஆட்டுல வாலே தெரியல. நுனி எங்க தெரியப்போகுது?" என்றாள் மனைவி.

"அது சரி, மாடியில என்ன அப்படி ஒரு சத்தம்?"

"தையக்காரம்மா மிஷின்ல தைக்கிறாங்க."

"மிஷின் ரூமுக்கு ரூம் ஓடுமா?"

"அவசர ஆர்டரா இருக்கும்."

அன்று மாலையே ரகசியமாகக் கண்ணாடிக் கடைக்குப் போனார். கடைக்காரர் எழுத்து அட்டையைக் காட்டினார். டிரைவர் மேலிருந்து கீழ்வரை மடமடவென்று படித்து, அடியில் இருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்துப் படித்தார்.

"அண்ணே, உங்களுக்குக் கண்ணாடி வித்தா எனக்குப் பாவம் சுத்தும். கழுகுக் கண்ணு" என்றார் கடைக்காரர்.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். டிரைவருக்கு அங்கேயே வியர்த்தது. கண்ணில் கோளாறு இல்லையென்றால் கண்ணுக்குப் பின்னால் இருப்பதில்தானே கோளாறு? அதற்குக் கண்ணாடியும் கிடையாதே!

வியாழக்கிழமை ஒரு தந்திரம் செய்தார். நாயின் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டு வேலைக்குப் போனார். திரும்பி வந்தபோது ரிப்பன் இல்லை. மனைவியிடம் கேட்டார், அவள் திருதிருவென்று விழித்தாள். கால் மணி கழித்துப் பார்த்தால் நாயின் கழுத்தில் ரிப்பன் இருக்கிறது, அழகான பூ முடிச்சோடு. டிரைவருக்குப் பூ முடிச்சுப் போடவே தெரியாது.

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை ஓய்வு அறையில் உட்கார்ந்து, 'எனக்கு வண்டி ஓட்டும் தகுதி போய்விட்டது. பயணிகளின் உயிர் பெரிது' என்று மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எழுதும்போது இரண்டு சொட்டு தாளில் விழுந்து எழுத்து கலைந்தது. அதைக் கண்டக்டர் பார்த்துவிட்டு, துருவித் துருவிக் கேட்டு விஷயம் முழுவதையும் வாங்கிவிட்டார். பதினோரு வருடமாக அதே பஸ்ஸில் பின்னால் நின்று விசில் கொடுப்பவர்.

"லூசாய்யா நீ? நாய்க் காதைப் பார்த்துட்டு யாராவது ராஜினாமா பண்ணுவாங்களா? வா, நான் வந்து பாக்கறேன்."

இருவரும் வந்தார்கள். நாய் வாசற்படியில் படுத்திருந்தது.

"சொல்லு, எந்தக் காது?"

"இடது."

"எனக்கும் இடதுதான். போ, போய் ஒரு சொம்பு தண்ணி கொண்டா."

டிரைவர் உள்ளே போனார். கண்டக்டருக்குப் போன் வந்தது. தெருவைப் பார்த்து நின்று பேசினார். டிரைவர் சொம்போடு வருவதற்கும் கண்டக்டர் திரும்புவதற்கும் சரியாக இருந்தது. நாய் அதே படியில், அதே மாதிரி படுத்திருந்தது. கறுப்புக் காது வலது பக்கம்.

சொம்பு கீழே விழுந்து உருண்டது. நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கண்டக்டர் மெல்லப் படியில் உட்கார்ந்தார். "யோவ்," என்றார் பலவீனமாக, "இன்னொரு தாள் இருக்கா? நானும் எழுதிடறேன்."

சத்தம் கேட்டு மனைவி ஓடிவந்தாள். சட்டைப்பையிலிருந்து நழுவிக் கிடந்த கடிதத்தை எடுத்துப் படித்தாள். படித்து முடிப்பதற்குள் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அய்யய்யோ, பாவி நான்! உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லைங்க. நாய் ரெண்டு!"

"என்னது?"

"அக்கா தங்கச்சிங்க. இதுக்குக் காது கேக்காது. அக்காக்காரி பின்னாலயேதான் சுத்தும். பிரிச்சா சாப்பிடாதுன்னு காப்பகத்துக்காரர் சொன்னார். நீங்க ஒண்ணுதான்னு ஒத்தக் கால்ல நின்னீங்க. அதான் மாத்தி மாத்திக் காட்டிப் பழக்கிட்டா, ஞாயித்துக்கிழமை சொல்லிக்கலாம்னு..." என்று விம்மினாள். "ஒண்ணை மாடியில தையக்காரம்மா வெச்சுப் பாத்துக்கிட்டாங்க. வாசல் மாடிப்படி வழியா அதுங்களே மாறிக்கும்."

மேலே தையல்காரம்மா கதவைத் திறந்துவிட்டார். இடது காது கறுப்பி தடதடவென்று இறங்கி வந்து தங்கையின் மூக்கை நக்கியது.

டிரைவருக்குக் கோபம் வரும் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். அவரும்தான் காத்திருந்தார். வரவில்லை. அவர் அந்தப் படியிலேயே மண்டியிட்டு, இரண்டு நாய்களையும் இரண்டு கையில் அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

"நல்லா இருக்கேன்டி நான்! எனக்கு ஒண்ணுமில்லடி!" என்றார். "நீ சொன்ன பொய்க்குக் கோயில்தான் கட்டணும்!"

அன்று சாயங்கால டிரிப்பில் ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயர்ப் பலகையையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனார். ஒரு பயணிக்கும் காரணம் புரியவில்லை. சிரித்த முகமாக ஓட்டுகிறாரே என்று இறங்கும்போது நன்றி மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். உலகத்தில் பார்ப்பதற்கு இவ்வளவு இருக்கிறது என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. சனிக்கிழமை பரிசோதனையில் டாக்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "இன்னும் பத்து வருஷம் தாராளமா ஓட்டலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காப்பகத்துக்காரர் வந்தார். டிரைவர் கேள்வித்தாளில் முன்பு எழுதிய பதில்களையெல்லாம் அடித்துவிட்டு, குறுக்கே பெரிதாக 'ஏற்றது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"எல்லாம் தெரிஞ்சுபோச்சு சார். இவ்வளவு நல்ல ஜீவனுங்களைக் கொடுத்தீங்க, உங்களை நான் மறக்கவே மாட்டேன். நீங்க கொண்டுவந்து விட்டது அத்தனையும் இனி எங்க வீட்டுப் பிள்ளைங்க. ஒண்ணைக்கூடத் திருப்பித் தரமாட்டேன்!"

"நீங்க உக்காருங்க, நான் போய்த் தண்ணி கொண்டு வரேன்" என்று மனைவி அவசரமாக உள்ளே நழுவினாள்.

காப்பகத்துக்காரர் நாய்களைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, விரலை நீட்டி எண்ணினார். பிறகு கவலையோடு டிரைவர் பக்கம் குனிந்தார்.

"சார், இங்க நல்ல கண் டாக்டர் யாராவது இருக்காங்களா? நான் விட்டுட்டுப் போனது மூணு. எனக்கு ரெண்டுதான் தெரியுது!"