தலை தீபாவளிக்கு நான் சொன்ன ஹிந்திக் கதை

எனக்கு ஹிந்தி தெரியாது. இந்த ஒரு வரியை முப்பது வருடத்துக்கு முன்னால், பெண் பார்க்கப் போன இடத்திலேயே சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே வந்திருக்காது. (மனைவியும் வந்திருக்க மாட்டாள், அது வேறு.)

பண்டசோழநல்லூரில் எட்டு காணி கரும்பு வைத்திருந்த என் வருங்கால மாமனார் அன்று ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்.

"மூத்த மாப்ளைக்குத் தவளக்குப்பத்துல மளிகைக் கடை. உங்களுக்கு இன்னாங்க தம்பி?"

நான் வில்லியனூரில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். மளிகைக் கடைக்கு எதிரே வைக்க என்னிடம் ஒரு பெட்டிக்கடைகூட இல்லை. பதறிப்போய், "ஹிந்தி தெரியும்ங்க, பம்பாயில இருந்தேன்" என்று சொல்லிவிட்டேன். இருந்தது மூன்றே மாதம். அதுவும் மாதுங்காவில், பெரியப்பா வீட்டில். அங்கே பால்காரர்கூடத் தண்ணீர் கலக்கவில்லை என்று தமிழில்தான் சத்தியம் செய்வார்.

மாமனார் சொக்கிப்போனார். கல்யாணப் பத்திரிகை போவதற்கு முன்பே, ஹிந்தி தெரிந்த மாப்பிள்ளை என்ற சேதி ஊருக்குள் போய்விட்டது.

அடுத்து வந்தது தலை தீபாவளி. எண்ணெய்க் குளியல், புது வேட்டி, இட்லி, கறிக்குழம்பு எல்லாம் முடிந்து நான் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தபோது, கலர் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு வந்து கூடத்தில் இறங்கின. கூடவே ஒரு ஹிந்தி கேசட்.

"பழைய படமாம் மாப்ள. கொலையும் இருக்குதாம், சிரிப்பும் இருக்குதாம். உங்களுக்குன்னே கேட்டு வாங்கினேன். புரியாதவங்களுக்கு நீங்கதான் எடுத்துச் சொல்லணும்" என்றார் மாமனார்.

புரியாதவர்கள் என்றால் தெரு மொத்தமும். நாற்பது பேருக்குக் குறையாது. டிவிக்குப் பக்கத்தில் எனக்கு மட்டும் நாற்காலி. மளிகைக் கடைச் சகலை கீழே பாயில் உட்கார்ந்து, முறுக்கைக் கடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குட்டு உடைந்தால் என் மானத்தோடு போகாது, ஊரெல்லாம் சொல்லி வைத்த மாமனாரும் தெருவில் நடக்க முடியாது.

படம் ஆரம்பித்தது. பங்களா, மழை, இடி. ஒரு கிழவர் செத்துக் கிடக்கிறார். பிணத்துக்கு இந்தப் பக்கம் ஓர் இளைஞன், அந்தப் பக்கம் ஒரு பெண். பயங்கர வாக்குவாதம்.

"இன்னா மாப்ள சொல்றாங்க?"

"அண்ணன் தங்கச்சிங்க மாமா. சொத்துத் தகராறு."

பத்தே நிமிடம். அண்ணனும் தங்கையும் படகில் கட்டிப்பிடித்து ஆடினார்கள்.

"அய்யய்ய, இன்னா கர்மம்டி இது!" என்றது பெண்கள் பக்கம்.

"நெசமா இல்ல. போலீஸை ஏமாத்த நடிக்கிறாங்க."

"படகுல போலீஸே இல்லியே?"

"தண்ணிக்குள்ள இருக்காங்க." (ஆமாம், சொன்னேன்.)

கூடம் அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தலைக்கேறிவிட்டது. மொழிபெயர்ப்பாளன் என்ற நிலையைத் தாண்டி, துப்பறிவாளனாகவே மாறினேன். சமையல்காரனாக வந்த பெரிய மீசைக்காரனைச் சுட்டி, "இவன் மேல ஒரு கண்ணு வெச்சுக்குங்க. கொன்னவன் இவன்தான்" என்றேன். சற்று நேரத்தில் அலமாரியைத் திறந்தார்கள். உள்ளேயிருந்து மீசைக்காரன் பிணமாகச் சாய்ந்தான்.

"தற்கொல. மனசாட்சி உறுத்திடுச்சு."

"முதுகுல கத்தி இருக்குதே மாப்ள?"

"பம்பாயில அப்படித்தான் மாமா."

மறு காட்சியில், முதலில் செத்த கிழவர் பைப் புகைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கி வந்தார். அவருக்கு அங்கேயே ஓர் இரட்டைச் சகோதரனைப் பிறக்க வைத்தேன். முடிவில் யார் யாரையோ கைது செய்தார்கள், ஒவ்வொரு கைதுக்கும் நான் ஒரு காரணம் சொன்னேன். கைதட்டினார்கள். மாமனார் என் தோளைத் தட்டி, "பிரமாதம் மாப்ள" என்றார். சகலையின் பக்கம் ஒரு பார்வை வீசினேன். அவர் முகத்தைத் துண்டால் மூடியிருந்தார். பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் வில்லியனூர் பஸ்ஸில் என் மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"இன்னாங்க, அந்தப் படம் தமிழ்லயே வந்துச்சே. டூரிங் கொட்டாயில அப்பா மட்டுமே நாலு வாட்டி பாத்தாரு. தெருவுக்கே மனப்பாடம்."

(நான் பார்த்திருக்கவில்லை. அந்தக் காலத்தில் தடித்த ரஷ்ய நாவல்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தமிழ் சினிமா நமக்கு எட்டாத பள்ளத்தில் கிடப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.)

"அப்புறம் ஏன் ஒருத்தரும் வாயே தொறக்கல?"

"தல தீபாவளிக்கு வந்த மாப்ளய எதுத்துப் பேசுவாங்களா? படகுப் பாட்டு வந்தப்பவே அப்பா எல்லாருக்கும் கண்ணக் காட்டிட்டாரு. மாப்ள இன்னா சொல்றாரோ அதான் கதைன்னு."

அன்றிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த வீட்டில் ஏதாவது ஒரு படத்தைப் போட்டு, சத்தத்தை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள். கதை நான் சொல்ல வேண்டும். சகலை அதற்காகவே அன்று கடையைச் சீக்கிரம் சாத்துகிறார். கேலியில் சேராத ஒரே ஆள் மாமனார். புதிதாக யார் வந்தாலும், "சின்ன மாப்ளைக்கு ஹிந்தி தெரியும்" என்றுதான் இன்றுவரை அறிமுகம் செய்கிறார். அது என்னை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

போன தீபாவளிக்கு, எண்பதைத் தாண்டிவிட்ட அவருடைய கட்டிலருகே உட்கார்ந்து, முறைப்படி ஒப்புக்கொண்டேன். "மாமா, எனக்கு ஹிந்தி தெரியாது."

அவர் என் கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்கு ஏன் மாப்ள கலங்குறீங்க? தமிழ்ப் படத்தையே போட்டிருந்தாலும் உங்களுக்குப் புரிஞ்சிருக்காது."